தலைவெட்டி வீட்டு மருமகள்

அந்த ஊரில் பேருக்கும் ஆளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நெசவாளி என்று பேர் வைத்திருந்த குடும்பத்தில் ஒருத்தருக்கும் ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. இடையன் என்ற பேர்க்காரர் ஆட்டைக் கண்டாலே தும்முவார். எடெல்காவின் அப்பா கெரெகெஷ் தானியேல். கெரெகெஷ் என்றால் வண்டிச் சக்கரம் செய்கிறவன். கூட்டுப்பண்ணை டிராக்டரின் சக்கரம் ஒருநாள் கழன்று சரிவில் ஓடியபோது அவர் பின்னாலேயே ஓடிப் பிடித்தார். சக்கரத்துக்கும் அவருக்கும் இருந்த சம்பந்தம் அவ்வளவுதான்.

எந்தக் காலத்திலோ எந்த முப்பாட்டனோ செய்த வேலை பேராகி ஒட்டிக்கொண்டது. வேலை போய்விட்டது, பேர் மட்டும் நின்றது. ஒருத்தருக்குத் தையல்காரன் என்று பேர் இருக்கிறதே என்று யாரும் அவரிடம் சட்டைத் துணியைக் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. தீஸா ஆற்றங்கரையில் அத்தனை ஊரிலும் இப்படித்தான். ஒரே ஒரு பேருக்குத்தான் இந்தச் சலுகை கிடையாது.

பாக்கோ. அப்படியென்றால் தலைவெட்டி. நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபின் வாளைத் தூக்குகிறவன். அந்தப் பேரைச் சுமந்தவன் பாக்கோ பெனெதெக், ஊரின் முடிதிருத்துகிறவன். ஒல்லியான ஆள், மெல்லிய குரல், ஒரு ஈயைக்கூட அடிக்க மாட்டான், ஜன்னலைத் திறந்துவிட்டுப் போ போ என்று கெஞ்சுவான். அவன் கையில் சவரக்கத்தி வந்ததும் நாற்காலியில் இருப்பவர் தவறாமல் சொல்வார்: "பாத்துப்பா பாக்கோ, கழுத்த மட்டும் விட்டுடு, பொண்டாட்டி புள்ள இருக்கு." கடையில் காத்திருக்கும் ஆட்கள் அப்போதுதான் முதல்முறை கேட்பதுபோல் சிரிப்பார்கள். மனிதர்களுக்கு ஒரு நல்ல நகைச்சுவை கிடைத்துவிட்டால் ஆயுசுக்கும் வேறு தேட மாட்டார்கள்.

பெனெதெக்குக்கு அது பழகிவிட்டது. அவனைக் கட்டிக்கொள்ள இருந்த எடெல்காவுக்குப் பழகவில்லை.

அவளும் முதலில் சிரித்தவள்தான். பட்டணத்தில் மருத்துவச்சிப் படிப்பு முடித்து, சொந்த ஊருக்கே வேலை உத்தரவும் வந்த பிறகுதான் சிரிப்பு நின்றது. மருத்துவச்சி வீட்டு வாசலில் எனாமல் பலகை மாட்ட வேண்டும். கல்யாணமான பெண்ணுக்கு அங்கே புருஷன் பேர்தான் பேர். அதன் வாலில் ஒரு 'னே' சேர்த்தால் மனைவி ஆகிவிடுவாள். பலகையில் வரப்போவது "பாக்கோ பெனெதெக்னே, மருத்துவச்சி". எடெல்கா என்று ஒருத்தி இருந்த தடயமே இருக்காது. சரி, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், எல்லாப் பெண்களும் பொறுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தப் பலகையைப் படித்துவிட்டு எந்தக் கர்ப்பிணி கதவைத் தட்டுவாள்?

இது அவள் கற்பனை இல்லை. ரொட்டிக்கடை வரிசையில் தன் காதாலேயே கேட்டாள். பக்கத்து வீட்டு ஷாரியின் மருமகள் இலுஷ், ஏழு மாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றவள், பின்னால் எடெல்கா நிற்பது தெரியாமல் சொன்னாள்: "என் புள்ள மேல மொதக் கை தலைவெட்டி பொண்டாட்டி கையா? ஐயோ சாமி, நான் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கே போயிடறேன்." சுற்றி இருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். கோபத்தில் சொல்லியிருந்தால் எடெல்கா சண்டை போட்டிருப்பாள். சிரித்துக்கொண்டே சொன்னதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? ரொட்டி வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே பெனெதெக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"பேர மாத்து. மனு போட்டா மாத்தித் தராங்க. எத்தன பேர் மாத்தியிருக்காங்க. பான்கின்னு வெச்சுக்கோ, கேக்க எவ்வளவு நல்லா இருக்கு."

"அப்பா என்ன சொல்வாரு?"

"அப்பாவையா நான் கட்டிக்கப் போறேன்?"

பெனெதெக்கின் அப்பா எதிர்பார்த்ததைத்தான் சொன்னார். கல்லறையில் கிடக்கிற பாக்கோக்கள் எல்லாரும் எழுந்து வந்து மனுவில் கையெழுத்துப் போடட்டும், அப்புறம் நான் போடுகிறேன் என்றார். அவருக்கு அந்தப் பேரில் ஒரு ரகசியப் பெருமை. மூதாதை ஏதோ பெரிய பட்டணத்தில் வாள் பிடித்தவராம். தேவாலயத்தில் அவருக்குத் தனி இருக்கை, சாராயக்கடையில் சங்கிலி போட்ட தனிக் குவளை, அவர் பெண்ணை இன்னொரு தலைவெட்டியின் மகன்தான் கட்ட வேண்டும். ஆனால் சாகப்போகிறவர்கள் வேறு யாரும் வேண்டாம், அவரே வரட்டும் என்று கேட்பார்களாம். ஒரே வெட்டு. எங்கள் வம்சத்தில் இரண்டாவது வெட்டு என்ற பேச்சே கிடையாது என்பார் கிழவர்.

ஊர்ப் பாதிரியார் இதை நம்பவில்லை. அந்தக் காலத்தில் முன்கோபிக்கும் முரடனுக்கும் கேலியாக வைத்த பேர்கூட வம்சத்துக்கும் ஒட்டிவிடும், யாரோ ஒருத்தன் ஒருநாள் மாட்டை அடித்திருப்பான், ஊர் சிரித்திருக்கும், வரி வசூலிக்க வந்தவன் அதையே எழுதிக்கொண்டு போயிருப்பான் என்றார். எது உண்மை என்று யாருக்கும் தெரியாது. எடெல்காவுக்கு எது உண்மையாக இருந்தாலும் ஒன்றுதான். பலகையில் எழுத்து மாறப்போவதில்லை.

பெனெதெக் மாற்றுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதுதான் அவளைப் பிராண்டியது. இல்லை என்று சொல்கிறவனோடு சண்டை போடலாம். "பாக்கலாம்" என்று சொல்கிறவனை என்ன செய்வது? கடைசியில் கெடு வைத்தாள். அவள் வீட்டில் பன்றி அறுக்கும் நாள் வருகிறது. அதற்கு அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் கல்யாண அறிவிப்பு வாசிக்க வேண்டும். பன்றி அறுக்கிற அன்றைக்கு அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மாற்றுகிறேன் என்றால், புதுப் பேர் கைக்கு வரும்வரை கல்யாணத்தை வசந்தத்துக்குத் தள்ளிவைக்கலாம். இல்லை என்றால் கல்யாணமே இல்லை.

இதைச் சொல்லிவிட்டு வந்தவளுக்கு அதற்குப் பிறகு ஒரு வேலை ஓடவில்லை. கழுவின சட்டியையே மறுபடி கழுவினாள். பூண்டு உரிக்க உட்கார்ந்து வெங்காயத்தை உரித்து வைத்தாள். பெனெதெக்கை அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் தொந்தரவே. பிடிக்காதவனாக இருந்தால் பேர் நல்ல சாக்கு.

அந்த நாள் வந்தது. விடிந்தும் விடியாமலும் முற்றத்தில் பனி இறுகிக் கிடந்தது. அம்மா லீதியா பெரிய அண்டாவில் வெந்நீர் கொதிக்க வைத்திருந்தாள். அப்பா வந்தவர்களுக்கெல்லாம் பிளம் சாராயம் ஊற்றிக்கொண்டிருந்தார், ஊற்றுகிற சாக்கில் தானும். ஷாரி பூண்டையும் மிளகாய்த்தூளையும் எடுத்துக்கொண்டு வந்தாள், பின்னாலேயே வயிற்றைப் பிடித்தபடி இலுஷ். எடெல்கா அவளுக்கு நாற்காலி போட்டாள், முகத்தைப் பார்க்காமல்.

பெனெதெக்கின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் அவள் வாசலுக்கு ஓடினாள். அவன் இறங்கி, காதுவரை இழுத்துக் கட்டிய துண்டை அவிழ்த்தான். மூக்கு சிவந்திருந்தது.

"சொல்லு."

"மூச்சு விட விடு, எடெல்கா. கை விறைச்சுப் போச்சு."

"வாய் விறைக்கலல்ல? ஒரே வார்த்தை."

"நான் யோசிச்சேன்..." என்று அவன் ஆரம்பித்தபோது அப்பா வந்து தோளில் கை போட்டு இழுத்துக்கொண்டு போய்விட்டார். "வாங்க மாப்ள! குடிக்காம பன்னிகிட்ட போனா அது நம்மள மதிக்காது!"

அதற்கப்புறம் அவள் அவனை மூன்று தரம் மடக்கப் பார்த்தாள். விறகுக் கொட்டகைப் பக்கம் போனால் ஷாரி வந்து உப்பு எங்கே என்றாள். கிணற்றடியில் பிடித்தால் அம்மா வாளியைக் கையில் திணித்தாள். தானியக் கிடங்குக்குப் பின்னால் ஒரு நிமிஷம் கிடைத்தது. "நான் யோசிச்சேன்" என்று அவன் மறுபடி தொடங்கினான். அதற்குள் வாசலில் தடால் என்று ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து அச்சில் ஏற்ற முடியாத வசவுகள்.

வெந்தெல் மாமா வந்துவிட்டார். அம்மாவின் தம்பி. அந்தத் தெருவில் பன்றி குத்துவதென்றால் அவர்தான். சைக்கிளில் வந்தவர் வாசல் பனியில் வழுக்கி, ஆள் ஒரு பக்கம், கத்திப் பை ஒரு பக்கம் விழுந்து கிடந்தார். எழுந்து நின்றபோது வலது மணிக்கட்டு ரொட்டி மாவுபோல் உப்பிக்கொண்டு வந்தது. எடெல்கா தொட்டுப் பார்த்தாள். எலும்பு விட்டிருந்தது. மரச்சட்டத் துண்டு வைத்துக் கட்டினாள்.

"ஒடஞ்சிருக்கு மாமா. இன்னிக்கு இந்தக் கையில ஒண்ணும் பிடிக்கக் கூடாது."

"இடது கையால டம்ளர் பிடிக்கலாமில்ல?" என்றார் மாமா.

பிடித்தார். எல்லாரும் சுற்றி நின்று யோசித்தார்கள். அண்டா கொதிக்கிறது, குடல் கழுவ ஆள் வந்தாயிற்று, பன்றியை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைக்க முடியாது. அப்பா குத்தக் கூடாது. தீனி போட்டு வளர்த்தவன் குத்தினால் கை இளகும், பாவம் பார்க்கிற கையில் பன்றி சீக்கிரம் உயிர் விடாது என்பது அங்கே எழுதாத சட்டம். பாவம் பார்க்கிறவர்களை முற்றத்தை விட்டே வெளியே அனுப்பிவிடுவார்கள். அப்புறம் யார்?

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பின் தொடக்கத்திலேயே எடெல்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"நம்ம அறிவ என்னன்னு சொல்றது! வீட்ல ஒரு பாக்கோவ நிக்க வெச்சுகிட்டு ஆள் தேடிகிட்டு நிக்கறோமே!"

முற்றமே குலுங்கியது. வெந்தெல் மாமா அடிபட்ட கையை மறந்து தொடையில் தட்டி, ஐயோ என்று அலறி, மறுபடி சிரித்தார். "நானூறு வருஷ அனுபவம்டா! நமக்கு வாள்தான் இல்ல, கத்தி இருக்கு. பிடி மாப்ள!"

கத்தி பெனெதெக்கின் கைக்கு வந்தது.

அவன் முகத்தைப் பார்த்தது எடெல்கா ஒருத்திதான். மற்றவர்கள் கத்தியைப் பார்த்தார்கள். சோப்பு நுரைமாதிரி வெளுத்திருந்தான். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பெண் கொடுக்கப்போகிற மனிதரின் முற்றத்தில், அத்தனை ஆண்கள் முன்னால், ஆயுசுக்கும் தலை குனிய வேண்டும். செய்தால் அவன் பாக்கோதான், மனுவும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை. "வேணாம் அப்பா, பக்கத்துத் தெருவுல கேட்டுப் பாருங்க" என்றாள் எடெல்கா. "பொம்பளைங்க சட்டியப் பிடிங்க" என்றார் அப்பா. அவர் வழக்கமாக அப்படிப் பேசுகிறவர் இல்லை. சாராயம் பேசியது.

சட்டியைப் பிடிப்பது எடெல்காவின் வேலைதான். அறியா வயசிலிருந்தே அவள் செய்வது. பன்றியின் மார்புக்குப் பக்கத்தில் குந்தி, வரும் ரத்தத்தைச் சட்டியில் வாங்கி, உப்புப் போட்டு, உறையாமல் கையால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ரத்தம் வீணானால் குடலில் அடைக்கிற பண்டம் இல்லை, காலையில் வெங்காயத்தோடு வதக்கித் தின்ன ஒன்றும் இல்லை, அந்த வீட்டுப் பெண்கள் கையாலாகாதவர்கள் என்று தெரு பேசும்.

நாலு ஆண்கள் பன்றியைப் பட்டியிலிருந்து இழுத்துப் பனிமேல் பக்கவாட்டில் சாய்த்தார்கள். அதன் கத்தல் காதைக் கிழித்தது. பெனெதெக் மண்டியிட்டான். எடெல்கா எதிரே சட்டியோடு. அவன் இடது கை பன்றியின் தாடைக்குக் கீழே போனது. தோலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தது. அது சவரம் செய்கிறவன் பிடிக்கிற பிடி. வாழ்நாள் முழுக்க மனிதக் கழுத்துகளையே பார்த்தவனுக்குக் கழுத்து என்றால் தாடைக்குக் கீழேதான். பன்றிக்கு அங்கே கை வைக்கவே கூடாது, நெஞ்செலும்புக்கு முன்னால், கீழே, உள்ளே இதயத்தைப் பார்த்துப் போக வேண்டும்.

"இன்னும் கீ..." என்று அவள் வாயெடுப்பதற்குள் அவன் கண்ணை மூடிக்கொண்டு குத்திவிட்டான்.

கொழுப்பை மட்டும் கிழித்துக்கொண்டு கத்தி வழுக்கியது. பன்றி ஒரே உதறலில் பின்னங்காலைப் பிடித்திருந்தவனை உருட்டிவிட்டு எழுந்தது. சட்டி கவிழ்ந்தது. கழுத்தில் வாய் பிளந்த காயத்தோடு அது முற்றத்தைச் சுற்றி ஓடியது, கோழிகள் பறந்தன, பனி முழுக்கச் சிவப்பு கோடு கோடாய் விழுந்தது. ஆண்கள் கயிற்றோடு பின்னால் ஓடினார்கள். இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் மோதி விழுந்தார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பன்றி வைக்கோல் போருக்கும் வேலிக்கும் இடையே சிக்கிக்கொண்டு நின்று கத்தியது. அதை மறுபடி சாய்த்தார்கள். அது கத்திக்கொண்டே இருந்தது. சாகவும் இல்லை, விடவும் இல்லை.

"யாரு இங்க பாவம் பாக்கறது?" என்று அப்பா கத்தினார். "யாரா இருந்தாலும் வெளிய போங்க! அதான் உயிர் போக மாட்டேங்குது! யாரு?"

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எடெல்காவுக்குத் தெரிந்தது, பாவம் பார்த்தது தான்தான் என்று. ஆனால் பன்றியை இல்லை. பனியில் முழங்காலிட்டபடியே, ஓடவும் தெரியாமல் எழவும் தெரியாமல், தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒல்லி ஆளை. பன்றியின் கத்தல் அதற்கு மேலே ஏறிக்கொண்டே போனது. ஆண்கள் அழுத்திப் பிடித்திருந்தார்களே ஒழிய, ஒருத்தரும் அதன் கண்ணைப் பார்க்கவில்லை. வேலியைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள். அடுத்தவன் செய்வான் என்று அத்தனை பேரும் காத்திருந்தார்கள்.

அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று பிரிக்கத் தெரியாத கோபம்.

பனியில் கிடந்த கத்தியை எடுத்தாள். "கால நல்லாப் பிடிங்க" என்றாள். யாரோ ஏதோ சொல்ல வந்தார்கள், அவள் குரலைக் கேட்டு விட்டுவிட்டார்கள். மண்டியிட்டு, இடது கை விரல்களால் நெஞ்செலும்பின் முனையைத் தேடினாள். வயிற்றின்மேல் கை வைத்துக் குழந்தையின் தலை எங்கே இருக்கிறது என்று தேடுவதும் இப்படித்தான், விரல் போதும், கண் வேண்டாம். பள்ளம் கிடைத்தது. எத்தனையோ குளிர்காலம் இதே இடத்துக்கு எதிரே குந்தியிருந்து வெந்தெல் மாமாவின் கை போகிற கோணத்தைப் பார்த்தவள். உள்ளே அழுத்தினாள். இழுத்தாள்.

"அம்மா, சட்டி!"

லீதியா சட்டியோடு ஓடிவந்தாள். ரத்தம் பீறிட்டு உள்ளே விழுந்தது. கத்தல் பாதியில் நின்றது. ஒரு பெருமூச்சு, பின்னங்கால் இரண்டு உதறல். அப்புறம் முற்றத்தில் அண்டா கொதிக்கிற சத்தம் மட்டும்தான்.

வெந்தெல் மாமா இடது கையால் டம்ளரைத் தூக்கினார்.

"ஒரே குத்து! பாக்கோனே வாழ்க!"

அடக்கிவைத்திருந்த பயம் எல்லாம் சிரிப்பாக உடைந்தது. "பாக்கோனே வாழ்க!" என்று ஆண்கள் கத்தினார்கள். ஷாரி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அப்பாகூட, மகளின் சிவந்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றவர், கடைசியில் சிரித்துவிட்டார்.

எடெல்கா எழுந்து கிணற்றடிக்குப் போனாள். குளிர்ந்த தண்ணீரில் கையைத் தேய்த்தாள். ரத்தம் போனது. மற்றது போகாது என்று அவளுக்குத் தெரியும். அந்த ஊரை அவளுக்குத் தெரியாதா? ஒருத்தரின் கொள்ளுப்பாட்டன் ஏதோ ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் குறட்டை விட்டாராம், இன்றைக்கும் அந்த வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் குறட்டையார் என்றுதான் பேர். சாயங்காலத்துக்குள் ருசி பார்க்கத் தட்டுத்தட்டாக இறைச்சி தெருவெல்லாம் போகும், ஒவ்வொரு தட்டோடும் இந்தக் கதையும் போகும். பெனெதெக் பான்கி ஆகட்டும், பிரபு ஆகட்டும், இனிமேல் அவள் பாக்கோனேதான். அவளைப் புதைத்த பிறகும் பாக்கோனேயின் பேரன், பாக்கோனேயின் பேத்தி.

இப்படித்தான் நடந்திருக்கும் என்று தோன்றியது அவளுக்கு. முதல் பாக்கோவுக்கு. வாள், தீர்ப்பு எதுவும் இருந்திருக்காது. ஏதோ ஒரு முற்றத்தில் பாதி உயிரோடு ஒன்று கத்திக்கொண்டு கிடந்திருக்கும். எல்லாரும் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். ஒருத்தன் பொறுக்க முடியாமல் போய் முடித்திருப்பான். மற்றவர்கள் மூச்சு விட்டுவிட்டு, சிரித்து, அவனுக்கு ஒரு பேரை வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். சுலபமான வேலை, பேர் வைப்பது. அவள் அழுதாள். அழுகிறோம் என்பதே எரிச்சலாக இருந்தது.

பின்னால் யாரோ வந்தார்கள். இலுஷ். கையில் ஒரு கெண்டி வெந்நீர்.

"பச்சத் தண்ணில கை விறைச்சுப் போயிடும். இந்தா." ஊற்றினாள். "அது கத்தினப்ப எனக்கு வயிறு கல்லாட்டம் ஆயிடுச்சு, எடெல்கா. எல்லாரும் நின்னாங்களே தவிர... நீ வந்து நிறுத்தின." தண்ணீர் தீர்ந்த பிறகும் கெண்டியைச் சாய்த்தபடியே நின்றாள். "உன் கை நடுங்கவே இல்லல்ல?"

"இப்ப நடுங்குது" என்றாள் எடெல்கா.

"இப்ப நடுங்கினா பரவால்ல. எனக்கு நேரம் வரும்போது நீ வா. பட்டணத்துக்கெல்லாம் என்னால அவ்வளவு தூரம் போக முடியாது." சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். ரொட்டிக்கடையில் சொன்னதை எடெல்கா கேட்டது அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ.

பெனெதெக் வந்தபோது முற்றத்தில் வைக்கோல் தீ கொளுந்துவிட்டு எரிந்தது, ஆண்கள் பன்றியின் மயிரைப் பொசுக்கிக்கொண்டிருந்தார்கள். முழங்காலில் ஈரம் ஊறியிருக்க, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவள் காலையிலிருந்து துரத்திய வார்த்தை இப்போது அவனாகவே கொண்டுவந்திருந்தான்.

"மாத்திடறேன். நாளைக்கே மனு போடறேன். அப்பா என்ன வேணா சொல்லட்டும்." தொண்டையைச் செருமினான். "உனக்காக இல்ல. நான்தான் அந்தப் பேருக்கு லாயக்கு இல்ல. என் பாட்டன் முப்பாட்டனெல்லாம் பாத்திருந்தா..."

"உன் பாட்டன் முப்பாட்டன விடு."

"பான்கின்னே வெச்சுக்கறேன். நீ சொன்ன மாதிரியே. வசந்தத்துல கல்யாணம். பலகைல பான்கி பெனெதெக்னே. நல்லா இருக்கும், எடெல்கா. யாருக்கும் பயம் இருக்காது."

அவள் அவனைப் பார்த்தாள். இந்த ஒரு பேச்சுக்காக எத்தனை சட்டியை இரண்டு தரம் கழுவினாள்! நேற்று இவன் இதைச் சொல்லியிருந்தால் கட்டிப்பிடித்திருப்பாள். இன்று காலை தானியக் கிடங்குக்குப் பின்னால் சொல்லியிருந்தால்கூட. பொறுமைசாலிகள் எப்போதும் ஒரு பன்றி தாமதமாகத்தான் வருவார்கள்.

"அங்க என்ன சொல்லிக் கூப்பிடறாங்க கேட்டியா?"

அவன் தலையாட்டினான். "தமாஷுக்குச் சொல்றாங்க."

"உங்க வீட்டுக்கும் தமாஷுக்குத்தான் வெச்சிருப்பாங்க. இந்த ஊர்ல அது போகாது பெனெதெக். எனக்கு இன்னிக்குப் பேர் வெச்சாச்சு. எந்த அதிகாரிக்கு மனு போட்டாலும் அத மாத்த முடியாது."

"அப்ப நான்? நான் என்ன பண்ணட்டும்?"

"பண்ணு, போய் மாத்திக்கோ. யாரு வேணாங்கறா? ஊரே என்னப் பாக்கோனேன்னு கூப்பிடும், நீ பான்கின்னு பலகை மாட்டிகிட்டு உக்காரு." ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தாள். குரல் உடைந்தது, சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. "வழியில போறவன் கேப்பான், ஏம்மா பாக்கோனே, நீ யாரு பொண்டாட்டி, இந்த வீட்ல இருக்கற பான்கி யாருன்னு. நான் என்னடா பதில் சொல்லட்டும்?"

பெனெதெக் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினான். அவன் முகத்தில் ரத்தம் திரும்புவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், முதலில் காதில், பிறகு கன்னத்தில்.

"ஞாயித்துக்கிழமை பாதிரியார்கிட்ட எந்தப் பேரச் சொல்றது?" என்று கேட்டான் கடைசியில்.

"உன் பேர் என்ன?" என்றாள் அவள்.